கண்ணைக் கட்டினவன்

எங்கள் ஊர்ப் பாலத்துக்கு ஏழு கண். ஏழும் ஏழு மாதிரி இருக்கும். ஒன்று நல்ல வட்டம், ஒன்று உச்சியில் கூர்மை, ஒன்று சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவன் மாதிரி தட்டை. வெளியூர்க்காரர்கள் வந்து நின்று அழகு என்பார்கள். அழகும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அது ஒரு சண்டையின் மிச்சம். பாலம் கட்டிய காலத்தில் ஊரில் ஏழு மேஸ்திரிகள் இருந்தார்கள். ஏழு பேருக்கும் ஒருவனை ஒருவன் கண்டால் ஆகாது. யார் தலைமை என்று பேசியே இரண்டு கோடை போனது. கடைசியில் ஆளுக்கு ஒரு கண் என்று பிரித்துக் கொடுத்து, எப்படியாவது கட்டித் தொலையுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

மனிதனுக்கு இருப்பதில் பாதி பாலத்துக்கும் உண்டு. தண்ணீர் போகிற வளைவைக் கண் என்கிறோம். அதைத் தாங்குவது கால். காலுக்கு முன்னால் வெள்ளத்தைக் கிழித்துவிடக் கூராகத் துருத்திக்கொண்டிருப்பது மூக்கு. வண்டி போகிற இடம் முதுகு. நெஞ்சு மட்டும் யாரும் வைக்கவில்லை. வைத்திருந்தால் இத்தனை காலம் நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

கரையோரக் காலில் ஆள் உயரத்தில் ஒரு கல் பதித்திருக்கிறது. “கண்ணைக் கட்டினவன், சட்டம் இறங்கும்போது கண்ணுக்கு அடியில் நிற்க வேண்டும். நின்றால் கல்லில் அவன் பேர்” என்று வெட்டியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு, ஒருத்தன் கண்ணை ஒருத்தன் துணியால் கட்டிக்கொண்டு விளையாடுவார்கள். ஆனால் விஷயம் விளையாட்டில்லை. வளைவு கட்டும்போது முதலில் மரத்தில் ஒரு சட்டம் செய்து நிறுத்துவார்கள். கல்லெல்லாம் அதன் முதுகில் ஏறி உட்காரும். உச்சியில் கடைசியாக இறக்குகிற கல்லுக்குப் பூட்டுக்கல் என்று பேர். சுண்ணாம்புக் காரை இறுகின பிறகு, சட்டத்தின் அடியில் செருகியிருக்கும் ஆப்புகளைத் தட்டி எடுத்துவிட்டால் சட்டம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு கல்லைக் கல்லேதான் தாங்க வேண்டும். தாங்குமா என்பது அந்த நிமிஷம் தெரியும். அந்த நிமிஷத்தில் கட்டினவன் அடியில் நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். ஏழு மேஸ்திரிகளும் அதற்குப் பயந்துதான் ஒழுங்காகக் கட்டினார்கள்.

அப்படியும் ஐந்தாம் கண் விழுந்தது. கட்டினவன் அதற்கு அடியிலேயே போனான். மீதி ஆறு பேரும் சேர்ந்து அதைத் திரும்பக் கட்டி, யார் பேரை வெட்டுவது என்று மறுபடி சண்டை போட்டார்கள். அதனால் அந்தப் பூட்டுக்கல் இன்றுவரை மொட்டையாக இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்லில் எழுத்து வெட்டுவது என் தொழில். பெரும்பாலும் கல்லறைக் கல்தான். செத்தவர்களைப் பற்றி இருப்பவர்கள் சொல்கிற பொய்யை ஆழமாக, அழியாமல் வெட்டிக் கொடுப்பேன். அதனால் மனிதர்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. நல்லவர்களாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு மழைக்கு ஆறு வேரோடு ஒரு மரத்தைக் கொண்டுவந்து மோதியது. மூன்றாம் கண்ணும் நான்காம் கண்ணும் போய்விட்டன. பழைய பாலம், பழைய முறையிலேயே கட்ட வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. ஓர் இன்ஜினியரம்மா வந்தார். நல்ல பெண்மணி, எதையும் இரண்டு தடவை கேட்பார். நகர்மன்றத் தலைவருக்கு மட்டும், கட்டுகிறதோடு நிற்காமல் அந்தப் பழைய வழக்கத்தையும் ஊர் கூடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இன்ஜினியரம்மா முடியாது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து, தலையில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பதானால் சரி என்று இறங்கி வந்தார். மஞ்சள் நிறத் தொப்பி. கல் வந்தால் அது எதைக் காப்பாற்றும் என்று யாரும் கேட்கவில்லை.

வேலை நூல் மேஸ்திரிக்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் வளைவு கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எதற்கெடுத்தாலும் இடுப்பிலிருந்து நூலை உருவிப் பிடித்துப் பார்ப்பார், ‘நூல் பொய் சொல்லாது’ என்பார், அதனால் அந்தப் பேர். நூல் பொய் சொல்லாது, சரி. பிடிக்கிற கண்ணில் புரை விழுந்துவிட்டால்? ஆளைக் குரலை வைத்துத்தான் அவர் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். இது வீட்டில் தெரியும், எனக்குத் தெரியும். மற்றவர்களிடம் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள். சுண்ணாம்பு அவள் பொறுப்பு. குழியில் போட்டு ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்துக் காரையாகக் கொடுப்பாள். கை இரண்டும் வெந்து தோல் உரிந்திருக்கும், பேச்சும் அப்படித்தான். கல் செதுக்க வந்த ஒருவனை அவள் அப்பனைக் கேட்காமல் கட்டிக்கொண்டாள். அப்பன் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஏனென்றால் அவனைப் போலக் கல் செதுக்குகிறவன் வேறு கிடைக்க மாட்டான். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஒட்டு’ என்பார். வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவன் என்று அர்த்தம். ஊரும் அப்படியே கூப்பிட்டது. அவன் அதற்கும் சிரித்துக்கொண்டே ஓடி வருவான். மாமா ஒரு நாள், ஒரே ஒரு நாள், மருமகன் என்று சொல்லிவிட்டால் போதும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்புழுவுக்குக்கூட மிதித்தால் கொஞ்சம் நெளியத் தெரியும்.

மூன்றாம் கண் முடிந்தது. சட்டம் இறக்க நாள் குறித்தார்கள். இன்ஜினியரம்மா வந்து, உங்களுக்குத் திருப்தியானால் மட்டும் செய்யலாம், இல்லையென்றால் தள்ளிப் போடலாம், அவசரமில்லை என்று மேஸ்திரியிடம் தெளிவாகச் சொன்னார். மேஸ்திரி மார்பைத் தட்டி, யானை ஏறலாம் என்றார்.

அன்று மத்தியானம் நான் இரண்டாம் கண்ணின் நிழலில் உட்கார்ந்து திறப்புவிழாக் கல்லுக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்தேன். காலுக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் சாப்பிட்டார்கள். ஒட்டு ஆற்றில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஓர் ஆணியை எடுத்துக் காரையில் குத்தினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

“பச்சையா இருக்குடி,” என்றார். “இன்னும் ஒரு மாசம் விடணும்.”

அப்போ சொல்லிடு, நாளைக்கு வேணாம்னு சொல்லிடு, அந்தம்மா கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே என்று மகள் படபடத்தாள். யானை ஏறலாம்னு சொன்ன வாயால் எலி ஏறக்கூடாதுன்னு சொல்லச் சொல்றியா என்று அவர் கேட்டார். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்றாம், மானம் போய்விடுமாம்.

“அப்போ நாளைக்கு நீ அதுக்கு அடியில போய் நிக்கப்போறியா?”

மேஸ்திரி சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தார், தொண்டை மேலும் கீழும் போய் வந்தது. அந்த மனிதருக்குப் பயம் என்று ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆற்று மணலில் ஊரே நின்றது. தண்ணீரை மறுபக்கக் கண்களுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். மூன்றாம் கண்ணுக்கு அடியில் பலகை போட்டு, நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். கட்டினவர் அதில் நிற்க வேண்டும். கட்டினவருக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் காலின் மேட்டில் நின்று ஆப்பைத் தட்ட வேண்டும். மேஸ்திரி நிற்பார், ஒட்டு தட்டுவான் என்று எல்லாருக்கும் தெரியும். இன்ஜினியரம்மா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டினவர் வாங்க என்று கூப்பிட்டார்.

மேஸ்திரி எழுந்தார். இரண்டு அடி வைத்தார். பிறகு திரும்பி, ஒட்டு நிற்கிற பக்கம் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

“இவன்தாங்க கட்டினவன்,” என்றார். “என் மருமகன்.”

பாருங்கள் சாமர்த்தியத்தை. கட்டினவன் என்றால் கண்ணைக் கட்டினவனா, மகளைக் கட்டினவனா? நாளைக்கு யாராவது கேட்டால், நான் எங்கே பொய் சொன்னேன், என் மகளைக் கட்டினவன்தானே என்று கையை விரித்துவிடலாம். ஊருக்கு இது எதுவும் உறைக்கவில்லை. பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் தள்ளி வைத்த மாப்பிள்ளைக்கு ஊரறியக் கொடுக்கிறார் என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒட்டின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை மனிதன் முகத்தில் பார்ப்பது எனக்கு ஆகாது. அவன் தொப்பியை வாங்கித் தலைகீழாகப் போட்டுக்கொண்டான், யாரோ திருப்பிப் போட்டார்கள். அதற்குள் மகள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான்.

“போகாதீங்க. காரை பச்சையா இருக்கு. அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களை அனுப்புறாரு.”

அவன் அவளைப் பார்க்கவே இல்லை, அவள் தலைக்கு மேலாக மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மருமகன்னு சொன்னாரு, கேட்டியா?” என்றான். அவள் மறுபடி வாயைத் திறந்ததும் கையை உதறிக்கொண்டான். “இதையும் கெடுத்துடாதே.”

போய் வட்டத்துக்குள் நின்றான். மேஸ்திரி சுத்தியலை எடுத்துக்கொண்டு காலின் மேட்டில் ஏறி, கையால் தடவி முதல் ஆப்பைக் கண்டுபிடித்தார். ஒருத்தனுக்கு ஆப்பு வைத்துவிட்டார்கள் என்று நாம் சும்மா சொல்கிறோம். ஆப்பை எடுத்தே ஒருத்தனைக் கவிழ்க்க முடியும் என்று அன்றைக்குப் பார்த்தேன். டொக், டொக் என்று ஒவ்வொன்றாகப் போனது. கூட்டம் கண்ணைப் பார்த்தது. மகள் அப்பாவின் கையை மட்டும் பார்த்தாள். அந்தக் கை நடுங்கவில்லை.

சட்டம் இறங்கியது. மேலே க்ரக் என்று ஒரு சத்தம். வளைவு முழுவதும் ஒரு விரல் அளவு கீழே வந்தது. சுண்ணாம்புத் தூள் கொட்டி மஞ்சள் தொப்பி வெள்ளையானது. அவ்வளவுதான். கண் நின்றது.

கைதட்டல் ஓயவே இல்லை, நானும் தட்டினேன். ஒட்டு ஓடி வந்து மேஸ்திரியைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதான். மேஸ்திரியின் கை இரண்டும் எங்கே போவது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

ஏன் நின்றது என்று பேர் வெட்ட ஏறினபோது எனக்குப் புரிந்தது. வெளியே வழிந்திருந்த காரையைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கத்தி முனைகூடப் போகாது. வளைவு நிற்பது சுண்ணாம்பால் இல்லை, கல்லைக் கல் நெருக்கிப் பிடித்துக்கொள்வதால். சுண்ணாம்பு வெறும் சாட்சி. மேஸ்திரிக்குக் கண் மங்கினதிலிருந்து, அவர் நூல் பிடித்துவிட்டுப் போன பிறகு ஒட்டுதான் ஒவ்வொரு கல்லையும் எடுத்துச் செதுக்கி, உரசி, உட்காரவைத்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. ஆக, மேஸ்திரி சொன்ன பொய் உண்மையாகப் போய்விட்டது. பூட்டுக்கல்லில் அவன் பேரை வெட்டினேன். ஊரில் பாதிப் பேருக்கு அவனுக்கு அப்படி ஒரு பேர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் அதற்குப் பிறகு புருஷனிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் உடைந்துபோவான் என்று அவளுக்குத் தெரியும். அவனோ மாமாவுக்குத் தண்ணீர் காயவைப்பதும் செருப்பைத் துடைத்து வைப்பதுமாகக் கிடந்தான். கொல்லப் பார்த்தவனுக்கும் சாக இருந்தவனுக்கும் ஒரே சட்டியிலிருந்து எடுத்து ஒரே கையால் பரிமாறினாள். ஒரே ஒரு தடவை, சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் வைத்து அப்பனிடம் கேட்டாள். நான் உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன், சக்கரத்தை நிறுத்தினதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

“தெரிஞ்சுதானே அனுப்பினே?”

“நின்னுச்சா இல்லையா?” என்றார் மேஸ்திரி.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பைக் கிளறப் போய்விட்டாள்.

நான்காம் கண்ணில்தான் மேஸ்திரிக்குப் பைத்தியம் பிடித்தது. ஊர் இப்போது ஒட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து, மூன்றாம் கண்ணைக் கட்டினவர் வீடு எது என்று மேஸ்திரியிடமே வழி கேட்டிருக்கிறார். அன்றைக்கு வந்து எல்லாரையும் சாரத்தை விட்டு இறக்கினார். நான்காம் கண்ணில் வேறு கை படக்கூடாது என்றார். கல் தூக்க ஆள், வைக்க அவர் ஒருவர். அதோடு விட்டாரா? டீக்கடையில், முடிவெட்டுகிற இடத்தில், படகுத்துறையில், போகிற இடமெல்லாம் இதையே சொன்னார். ஒரு கல்லுகூட எவனும் தொடலை, இதுதான் என் கண்ணு, பேர் வெட்டும்போது பெரிசா வெட்டு என்று என்னிடமும் வந்து சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதற்கும் இப்படிப் படகுத்துறைவரை போய்க் கத்தத் தெரியாது.

அவர் வைத்த கல்லை நான் பார்த்தேன். நூல் நேராகத்தான் இருந்தது. நூலுக்குப் பின்னால் கல் இருக்கிற இடம்தான் அவருக்குத் தெரியவில்லை. இடைவெளி தெரிகிற இடத்தில் எல்லாம் காரையை அப்பினார். சுண்ணாம்பு அரைக்கிறவளுக்கு இதைத் தெரிந்துகொள்ளச் சாரத்தில் ஏற வேண்டியதில்லை. மூன்றாம் கண்ணுக்குக் கேட்டதைப் போல இரண்டு மடங்கு கேட்டார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கேட்க அரைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் சாரத்தில் ஏறி, ஆள்காட்டி விரலை இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். விரல் முழுவதும் உள்ளே போனது. எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டு இறங்கும்போது என்னைப் பார்த்தாள். நான் என் உளியைப் பார்த்தேன்.

ஒட்டும் பார்த்திருந்தான். அவன் முறை வேறு. மாமாவிடம் தனியாகப் போய், சட்டத்தை மழைக்காலம் முடிகிறவரை விட்டுவைப்போம், கொஞ்சம் கல்லை மாற்றி வைக்கிறேன், யாருக்கும் தெரியாது என்று கெஞ்சியிருக்கிறான். பேர் வந்ததும் வாயும் வந்துடுச்சா என்று கேட்டுச் செருப்பை எடுத்தாராம். அவன் துடைத்து வைத்த செருப்பு.

மறுபடியும் ஆற்று மணல், மறுபடியும் ஊர், மறுபடியும் மஞ்சள் தொப்பி. இன்ஜினியரம்மா இரண்டு தடவை கேட்டார். மூணாவது எப்படி நின்னுச்சுன்னு பாத்தீங்கல்ல என்று மேஸ்திரி திருப்பிக் கேட்டார். அந்த அம்மா நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு என்ன காரணம்? கட்டினவர் வாங்க என்று கூப்பிட்டார்.

மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. மணலில் உட்கார்ந்தபடி ஏதோ காதில் விழாத மாதிரி இடுப்பு நூலைத் திருகிக்கொண்டிருந்தார். அப்போது ஒட்டு முன்னால் வந்தான். “நான்தாங்க மேடம். நான்தான் கட்டினேன்” என்றான்.

அவன் கணக்கு எனக்குப் புரிந்தது. கண் விழும் என்று சொன்னால் மாமாவின் மானம் போகும். மாமாவை நிற்கவைத்தால் மாமா போவார். தனக்கு இளங்கால், சத்தம் கேட்டதும் குதித்துவிடலாம் என்று நினைத்திருப்பான். குதித்துவிட முடியுமா? பலகைக்கும் கரைக்கும் நடுவில் இருந்த தூரத்தை நான் பார்த்தேன், முடியாது. மகளும் பார்த்தாள்.

ஆனால் அவள் உடனே பேசவில்லை. மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் எழுந்து, இல்லை, நான் கட்டினது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவர் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. நிம்மதி. இரண்டாவது தடவையும் அவனைக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கிறோம் என்ற நிம்மதி. அதை எல்லாரும் பார்த்திருக்கலாம், பார்க்கிற புத்தி இருந்திருந்தால்.

“இல்லீங்க மேடம்,” என்றாள் அவள். “இவர் ஒரு கல்லுகூட வைக்கலை. கட்டினது எங்கப்பா. ஊருக்கே தெரியும்.”

ஊருக்குத் தெரியும்தான். ஆமா ஆமா, அவரே சொன்னாரு, எங்கிட்டயும் சொன்னாரு என்று கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. மாப்பிள்ளை மாமனாருக்கு விட்டுக்கொடுக்கிறான், மாமனார் மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறார், என்ன குடும்பம் என்று மெச்சினார்கள். ஒட்டு அவளைச் சும்மா இரு என்று அதட்டினான். அவன் அவளை அதட்டி அன்றுதான் கேட்டேன்.

“கட்டினவன்தான் நிக்கணும். கல்லுல எழுதியிருக்கு,” என்றாள்.

வேறு வழி இருந்தது. அதையும் நான் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். மேடம், கல்லுக்கு நடுவில் என் விரல் முழுசா போகுது என்று அவள் சொல்லியிருக்கலாம். கண்ணும் தப்பியிருக்கும், மனிதனும் தப்பியிருப்பான், மானம் மட்டும் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

மேஸ்திரி எழுந்தார். மறுக்க முடியாது, டீக்கடை முழுவதும் சாட்சி. நடந்து மகளிடம் வந்து, மூச்சுப் படுகிற தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் அவள் முகத்தைப் பார்க்கப் பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு அதுவும் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

“காரை எப்படிடி இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் இன்ஜினியரம்மாவின் கையிலிருந்து தொப்பியை வாங்கினாள். அவர் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை இழுத்து மாட்டி, சரியாக இருக்கிறதா என்று ஒரு விரல் விட்டுப் பார்த்தாள்.

“யானை ஏறலாம்பா,” என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்துபோய் வட்டத்துக்குள் நின்றார். வட்டத்தின் கோட்டைக் காலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

ஒட்டு சுத்தியலோடு காலின் மேட்டில் ஏறினான். அவள் கூடவே போய், பாலக்காலின் மூக்குக்குப் பின்பக்கமாக, கல் விழுந்தாலும் படாத இடமாகப் பார்த்து அவனை நிறுத்தினாள். அவன் முதல் ஆப்பில் சுத்தியலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“தட்டுங்க,” என்றாள்.

தட்டினான். முதல் ஆப்பு போனது, இரண்டாவது போனது. மூன்றாவதைத் தட்டினதும் சட்டம் அசைந்தது. க்ரக் என்ற சத்தம் வரவில்லை. ஈர மண் சரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பூட்டுக்கல் முதலில் இறங்கியது, மற்றவை அதைத் தொடர்ந்து வந்தன. அத்தனை சுண்ணாம்பும் மாவு மாதிரி எழும்பியதில் கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெளிந்தபோது கண் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கல்லை எல்லாம் எடுத்துப் போட்டு ஆளை வெளியே கொண்டுவரச் சாயங்காலமாகிவிட்டது. தொப்பி உடையவில்லை.

விசாரணை நடந்தது. இன்ஜினியரம்மாவை எங்கோ மாற்றினார்கள், பாவம். நகர்மன்றத் தலைவர் அந்த வழக்கம் இருந்த விஷயமே தனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். மேஸ்திரியின் கல்லறைக் கல்லை நான்தான் வெட்டினேன். ‘அன்பான தந்தை’ என்று ஒட்டு எழுதச் சொன்னான். எழுதினேன், அதுதானே என் தொழில்.

அடுத்த கோடையில் நான்காம் கண்ணை ஒட்டு கட்டினான். யாரும் அடியில் நிற்கவில்லை, இயந்திரத்தை வைத்துச் சட்டத்தை இறக்கினார்கள். கண் நின்றது. அவன் பாதி உடம்பாகியிருந்தான். மாமாவை என் கையாலேயே தட்டினேன் என்று ஆற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பான். என்னிடம் வந்து, பூட்டுக்கல்லில் மாமா பேரை வெட்டுங்கள் என்றான். சரி என்று எழுத்து வரைந்து வைத்தேன். அவன் போன பிறகு அவள் வந்தாள். வரைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, உரிந்த கையால் தேய்த்து அழித்தாள்.

“கட்டினவன் பேரை வெட்டுங்கண்ணே,” என்றாள்.

“எந்தக் கட்டினவன்மா? விழுந்ததைக் கட்டினவரா, நிக்கிறதைக் கட்டினவரா?”

“என்னைக் கட்டினவர்.”

வெட்டினேன். ஒட்டு வந்து தன் பேரைப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தான். அவள் நடுவில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாதான் சொன்னாரு. தொப்பி மாட்டும்போது எங்காதுல சொன்னாரு. எனக்கு ஏதாவது ஆனா என் மருமகன் பேரைப் போடச் சொல்லுன்னு” என்றாள். கண் இமைக்கவில்லை.

அவன் நம்பினான். இன்றைக்கும் பாலத்தில் யாராவது நின்று அந்தக் கல்லை எட்டிப் பார்த்தால் கிட்டே போய், இது எங்க மாமா எனக்குக் கொடுத்துட்டுப் போனது என்று ஆரம்பிப்பான். அவள் பக்கத்திலேயே நிற்பாள். அவன் சொல்லி முடிக்கிறவரை ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சாப்பிட நேரமாயிற்று என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள்.